செவ்வலகுக் குவேலியா: துணையினங்களைப் பிரிப்பது முகமூடியா, மழையா?

புல்லூரான் எழுதியது:

ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் வாழும் செவ்வலகுக் குவேலியாவைப் பற்றிய ஓர் ஐயத்தை இங்கே வைக்கிறேன். நம் தூக்கணாங்குருவி இடம்பெறும் பிளோசிடே குடும்பத்திலேயே இதுவும் அடங்கும். 12 சென்டிமீட்டர் நீளமும் ஏறத்தாழ 20 கிராம் எடையும் கொண்ட சிறு பறவைதான். ஆயினும் உலகின் காட்டுப் பறவைகளுள் எண்ணிக்கையில் இதுவே முதலிடம் வகிக்கிறது என்றும், இனப்பெருக்கம் செய்யும் பறவைகள் மட்டுமே 150 கோடி இருக்கலாம் என்றும் மதிப்பிடுகிறார்கள்.

இதற்கு மூன்று துணையினங்கள் உண்டு என்று பட்டியல்கள் சொல்கின்றன. மொரித்தானியா, செனகல் தொடங்கிச் சாட் நாடும் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் வடபகுதியும் வரை மேற்கில் இருப்பது ‘குவேலியா’. சூடான், எத்தியோப்பியாவிலிருந்து சோமாலியா, கென்யா, தான்சானியா வரை கிழக்கில் இருப்பது ‘எத்தியோப்பிகா’. அங்கோலா, சாம்பியா, மலாவி முதல் தென்னாப்பிரிக்கா வரை தெற்கில் இருப்பது ‘லாதாமி’. ஆண் பறவை இனப்பெருக்க காலத்தில் பூணும் முகமூடியின் (முகத்தில் படரும் நிறத்தின்) கறுப்பு அலகுக்கு மேலே நெற்றியில் எவ்வளவு ஏறுகிறது என்பதையும், மார்பிலும் வயிற்றிலும் படரும் சாயத்தையும் கொண்டே இவற்றைப் பிரிப்பதாகப் படித்தேன். ஆனால் ஒரே குடியிருப்பில் எடுத்த படங்களைப் பார்த்தால், ஓர் ஆணுக்குக் கறுப்பு முகமூடி இருக்கிறது, பக்கத்து முள்மரத்தில் இருப்பதற்கு வெளிறிய வெள்ளை முகமூடி இருக்கிறது. ஒன்றின் மார்பு செம்மை, மற்றொன்றின் மார்பு மஞ்சள். ஒரே மரத்துக்குள் இத்தனை வேறுபாடு இருக்குமானால், மூன்று நிலப்பகுதிகளை அந்த அடையாளத்தால் பிரிப்பது எப்படிப் பொருந்தும்?

சுவடிக்கட்டு எழுதியது:

புல்லூரான் அவர்களே, இந்தப் பெயர்கள் வந்த வரலாற்றைப் பார்த்தால் குழப்பத்தின் ஒரு பாதி தெளியும். லின்னேயஸ் 1758-இல் இப்பறவைக்கு ‘எம்பெரிசா குவேலியா’ என்று பெயரிட்டபோது அதன் தாயகம் இந்தியா என்று தவறாக எழுதிவிட்டார். இந்தியாவில் குவேலியா இயற்கையாக எங்கும் இல்லை. 1760-இல் பிரிசோன் செனகலில் இருந்து வந்த பறவையை விவரித்தார். எனவே ‘குவேலியா குவேலியா குவேலியா’ என்று மும்முறை அடுக்கி அழைக்கப்படும் மூலத் துணையினம் மேற்கு ஆப்பிரிக்கப் பறவைக்கு உரியதாயிற்று.

தென்னாப்பிரிக்கப் பறவையை 1836-இல் ஆண்ட்ரூ ஸ்மித் ‘லாக்சியா லாதாமி’ என்று தனி இனமாகவே விவரித்தார். கிழக்குப் பறவையை 1850-இல் சுண்டேவால் ‘பிளோசியஸ் எத்தியோப்பிகஸ்’ என்று அதுவும் தனி இனமாகவே விவரித்தார். கவனியுங்கள், மூவரும் மூன்று வெவ்வேறு பேரினங்களில் வைத்தார்கள். ஒருவர் கையில் இருந்த பதப்படுத்திய பறவைத்தோலை அடுத்தவர் கையில் இருந்ததோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு இந்தப் பிரிவினை பிறக்கவில்லை. கப்பலில் வந்து சேர்ந்த சில தோல்களுக்கு முதலில் பெயர்கள் சூட்டப்பட்டன. இவை அனைத்தும் ஒரே இனம் என்று பின்னர் தெரிந்தபோது, அந்தப் பழைய பெயர்கள் துணையினப் பெயர்களாக இறங்கின. 1886-இல் ரெய்க்கெனோ கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து ‘இண்டர்மீடியா’ என்று இன்னொன்றைச் சேர்த்தார். அது இன்று எத்தியோப்பிகாவுக்குள் அடங்கிவிட்டது.

ஆனாலும் பெயர்கள் இப்படி வந்தன என்பதாலேயே அவை பொய்யாகிவிடா. ஒரு துணையினத்தை ஏற்க, ஒரு தொகுதியின் பறவைகளில் நான்கில் மூன்று பங்கையாவது மற்றத் தொகுதியிலிருந்து அடையாளம் பிரிக்க முடிய வேண்டும் என்பது அருங்காட்சியகத்தார் பலரும் பின்பற்றும் வழக்கம். எல்லாப் பறவைகளும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்று எவரும் கேட்பதில்லை. தனிப் பறவையின் படத்தை வைத்துக்கொண்டு துணையினத்தை மறுப்பது முறையாகாது என்பது என் கருத்து.

மழைக்குறி எழுதியது:

சுவடிக்கட்டு அவர்கள் சொன்ன வரலாறு சரியே. ஆனால் முகமூடியைச் சற்றே தள்ளிவைத்துவிட்டு, இந்தப் பறவை ஓர் ஆண்டில் எங்கெங்கே இருக்கிறது என்று பார்த்தால்தான் மூன்று தொகுதிகள் ஏன் உள்ளன என்பது விளங்கும் என்று நினைக்கிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

குவேலியாவின் முதன்மை உணவு ஓராண்டுப் புற்களின் சிறு விதைகள். மழைக்காலம் முடியும்போது புல் காய்ந்து விதைகளைத் தரையில் உதிர்க்கிறது. வறண்ட மாதங்கள் முழுவதும் பறவைகள் அவற்றைப் பொறுக்கியே வாழ்கின்றன. மாதங்கள் செல்லச் செல்ல இருப்புக் குறைகிறது. ஆனால் உண்மையான பஞ்சம் முதல் மழை பெய்த பின்னரே வருகிறது. ஈரம் பட்டதும், தரையில் எஞ்சியிருந்த விதைகள் சில நாள்களுக்குள் முளைத்துவிடுகின்றன. கண்ணுக்கெட்டிய தூரம் நிலம் பச்சையாகிறது, குவேலியாவுக்கோ உண்பதற்கு ஒன்றும் இல்லை. மழையோடு புறப்படும் ஈசலும் புழுக்களும் சில நாள்களுக்குத் தாங்கும். புதுப் புல் வளர்ந்து, பூத்து, விதை பிடிக்க ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும். அதுவரை இலட்சக்கணக்கான பறவைகள் அங்கேயே காத்திருக்க இயலாது.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் பீட்டர் வார்டு. நைஜீரியாவின் சாட் ஏரிப் பகுதியில் அவர் செய்த ஆய்வுகள் 1965-இல் வெளிவந்தன. 1971-இல் அதையே கண்டம் முழுமைக்கும் விரித்து ஒரு வலசைக் கோட்பாட்டை முன்வைத்தார். மழை தொடங்கும் வேளையில் பறவைகள் உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்கின்றன. பிறகு, தம்மை நோக்கி வந்துகொண்டிருக்கும் மழைமுகத்துக்கு எதிராகப் பறந்து, அதைக் கடந்து, பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால், ஆறேழு வாரங்களுக்கு முன்பே மழை பெய்து இப்போது புல் விதை பிடித்திருக்கும் நிலத்தில் போய் இறங்குகின்றன. அங்கிருந்து, மழை சென்ற வழியிலேயே, விதை முற்ற முற்றப் பின்தொடர்ந்து பழைய இடத்துக்குத் திரும்பி வருகின்றன. திரும்பும் வழியில்தான் இனப்பெருக்கம். ஓரிடத்தில் குஞ்சு பொரித்துப் பறக்கவிட்ட பறவைகளே, விதை புதிதாக முற்றும் அடுத்த இடத்தில் மீண்டும் கூடு கட்டுவதும் உண்டு.

இப்போது மூன்று துணையினங்களின் நிலப்படத்தின்மேல் மழை நகரும் திசைகளை வரைந்து பாருங்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் மழை கினிக் கடலோரத்திலிருந்து வடக்கே, சகாராவின் தென்விளிம்பான சாகேல் நோக்கி ஏறுகிறது. எனவே அங்குள்ள பறவைகள் மழை தொடங்கும்போது தெற்கே பறந்து, பின் வடக்கே திரும்பி, மழைக்காலத்தின் பிற்பகுதியில் கூடு கட்டுகின்றன. தென்னாப்பிரிக்கப் பகுதியில் மழை அக்டோபர், நவம்பரில் தொடங்குவதால், கூடுகள் அதற்கடுத்த ஆண்டின் முதல் மாதங்களில் எழுகின்றன. கிழக்கிலோ நிலநடுக்கோட்டின் இருபுறமும் மழை மாறி மாறிப் பெய்வதால், ஆண்டின் முற்பகுதியில் தான்சானியாவிலும் அதன் பின்னர் எத்தியோப்பியப் பிளவுப் பள்ளத்தாக்கிலும் குஞ்சு பொரிக்க வழி இருக்கிறது. மூன்று துணையினங்கள் என்று நாம் சொல்வது, என் பார்வையில், மூன்று மழை நாட்காட்டிகள்தாம். முகமூடியில் ஏதேனும் சராசரி வேறுபாடு இருந்தால் அது அந்தப் பிரிவினையின் பின்விளைவு.

புல்லூரான் எழுதியது:

மழைக்குறி அவர்களுக்கு நன்றி. ஒரு சிறு குறுக்குக் கேள்வி. பறவைகள் மழைக்கு எதிராகத்தான் பறக்கும் என்றால், மழை இரு திசைகளிலிருந்து வரும் இடத்தில் என்ன செய்யும்?

மழைக்குறி எழுதியது:

தெற்கு ஆப்பிரிக்காவில் அப்படித்தான் நடக்கிறது. மழை வடமேற்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் உள்நாட்டை நோக்கி வருகிறது. வறண்ட காலத்தில் நடுப்பகுதியில் ஒன்றாக இருந்த பறவைகளில் ஒரு பங்கு அங்கோலாவை நோக்கியும், மற்றொரு பங்கு தெற்கு மொசாம்பிக் பக்கமாகவும் செல்கின்றன. ஒரே துணையினத்துக்குள்ளேயே ஒரு வலசைப் பிளவு. பின்னர் இரு பிரிவும் ஜிம்பாப்வே, போட்ஸ்வானா பக்கமாக மீண்டும் நெருங்குகின்றன.

வேலமுள் எழுதியது:

இந்த இடத்தில் மழைக்குறி அவர்களின் வாதத்தை ஒரு சோதனைக்கு உட்படுத்தலாம், ஏனெனில் அந்தச் சோதனையை ஏற்கெனவே செய்துபார்த்திருக்கிறார்கள். நாட்காட்டியும் வலசைத் திசையுமே துணையினத்தை உண்டாக்கும் என்றால், தெற்கின் வடமேற்குப் பிரிவும் தென்கிழக்குப் பிரிவும் இரு துணையினங்களாக இருக்க வேண்டும். 1960-இல் கிளான்சி ஏறத்தாழ இதையே சொன்னார். தென்னாப்பிரிக்காவின் வடகிழக்கு, எசுவாத்தினி, தெற்கு மொசாம்பிக் ஆகிய ஈரமான பகுதிகளின் பறவைகள், இனப்பெருக்கம் இல்லாத காலத்தில் சற்றே சாம்பல் சாயலாக இருப்பதைக் கண்டு, அவற்றுக்கு ‘ஸ்போலியேட்டர்’ என்று தனித் துணையினப் பெயர் வைத்தார். கூடுதலான தோல்களைப் பரப்பி வைத்துப் பார்த்தபோது அந்தச் சாயல் வேறுபாடு நிலைக்கவில்லை. வலசைப் பிளவின் இரு பக்கப் பறவைகளின் மரபணுவையும் இறகுக் கோலத்தையும் ஒப்பிட்டு 2003-இல் வெளிவந்த ஆய்வும், இரண்டிலும் பிரிவினைக்கு அடையாளம் இல்லை என்றே முடித்தது. ஸ்போலியேட்டர் இன்று லாதாமிக்குள் கரைந்துவிட்டது.

மரபணுவில் தெரிந்த இன்னொரு செய்தியும் இதற்குத் துணை நிற்கிறது. பறவைகளில் பொதுவாகப் பிறந்த இடத்தைவிட்டுத் தொலைவாகச் செல்பவை பெண்கள், ஆண்கள் பழகிய இடத்துக்கே திரும்ப முயல்பவை. குவேலியாவில் ஆண்களே கூடுதலாகப் பரவுகின்றன என்பதற்குச் சான்று கிடைத்திருக்கிறது. காரணத்தை ஊகிப்பது கடினமன்று. காத்து நிற்க நிலையான எல்லை எதுவும் இந்தப் பறவைக்கு இல்லை. இந்த ஆண்டு கூடு கட்டிய வேலங்காட்டில் அடுத்த ஆண்டு மழை பொய்த்தால் அங்கே எவரும் திரும்பப் போவதில்லை. அப்படி அலையும் உயிரினத்தில் இரு பிரிவுகள் நீண்ட காலம் ஒன்றோடொன்று கலக்காமல் இருப்பது அரிது.

எனவே வலசைத் திசை மட்டும் துணையினத்தை உண்டாக்கிவிடாது என்றாகிறது. இதற்கு மழைக்குறி அவர்களின் விடை என்ன?

மழைக்குறி எழுதியது:

வலசைத் திசை வேறு, நாட்காட்டி வேறு என்பதே விடை. தெற்கின் இரு பிரிவும் புறப்படும்போது திசை மாறுகின்றன. ஆனால் ஒரே கோடையில், ஏறக்குறைய ஒரே மாதங்களில், ஒன்றை ஒன்று தொடும் நிலத்தில் கூடு கட்டுகின்றன. ஓர் ஆண் இந்த ஆண்டு ஒரு பிரிவோடும் அடுத்த ஆண்டு மற்றப் பிரிவோடும் சேர்ந்துகொள்ளத் தடையில்லை. சாட் ஏரியில் ஆகஸ்டு, செப்டம்பரில் கூடு கட்டும் பறவைக்கும், ஜிம்பாப்வேயில் பிப்ரவரியில் கூடு கட்டும் பறவைக்கும் அந்த வசதி இல்லை. அரையாண்டு இடைவெளி நிலத்தின் தொலைவைவிட வலிய தடையாக இருக்கலாம் என்பதே நான் சொல்ல வருவது. ஸ்போலியேட்டரின் வீழ்ச்சி என் வாதத்தைக் குறுக்குகிறது என்பதை ஏற்கிறேன். அதை உடைத்துவிடவில்லை.

கரிசல்வெளி எழுதியது:

முகமூடி பற்றிய முதல் கேள்விக்கு நேரான விடை இன்னும் வரவில்லை என்பதால் குறுக்கிடுகிறேன்.

குவேலியா ஆண்களின் கோலம் ஏன் இவ்வளவு மாறுபடுகிறது என்பதை ஜேம்ஸ் டேல் ஜிம்பாப்வேயில் ஆராய்ந்து 2000-இல் வெளியிட்டார். பொதுவாக ஆண் பறவையின் பகட்டான நிறம் அதன் உடல்நலத்தையும் வலிமையையும் காட்டும் விளம்பரமாக இருக்கும் என்பது எதிர்பார்ப்பு. குவேலியாவில் அந்தத் தொடர்பு கிடைக்கவில்லை. முகமூடி கறுப்பாக இருந்தாலும் வெள்ளையாக இருந்தாலும், மார்பு சிவந்திருந்தாலும் மஞ்சளாக இருந்தாலும், அந்த ஆண் வலிமையானதா, நல்ல உணவு உண்டதா என்பதை அது சொல்வதில்லை. முகமூடியின் நிறமும் அளவும் மார்பின் நிறமும் ஒன்றையொன்று சாராமல் மாறுகின்றன. எனவே கோலங்களின் சேர்க்கைகள் மிகப் பல. இது தனி ஆளை அடையாளம் காட்டும் ஏற்பாடு என்பதே அவருடைய விளக்கம்.

குடியிருப்பின் நெரிசலை நினைத்துப் பார்த்தால் இதன் தேவை புரியும். ஒரு பெரிய குடியிருப்பு நூறு ஹெக்டேருக்கும் மேல் பரவி, அதில் இலட்சக்கணக்கான கூடுகள் இருக்கலாம். எல்லாம் சில நாள்களுக்குள் ஒரே மூச்சில் கட்டப்படுகின்றன. ஆண் முள்மரக் கிளையில் புல்லை முடிந்து வளையம் போட்டு, அதைப் பக்கவாட்டு வாயில் கொண்ட உருண்டைக் கூடாக வளர்க்கிறது. பெண் பெரும்பாலும் மூன்று முட்டைகள் இடுகிறது. பத்து நாள்களையொட்டிக் குஞ்சு பொரித்துவிடும், மேலும் இரு வாரங்களுக்குள் குஞ்சுகள் கூட்டைவிட்டு வெளியேறும். (இனப்பெருக்க காலத்தில் பெண்ணின் அலகு மஞ்சளாகிவிடுவதால், ‘செவ்வலகு’ என்ற பெயரை நம்பித் தேடுகிறவர்கள் அந்த மாதங்களில் பெண்ணைத் தவறவிடுவார்கள்.) இத்தனை அவசரத்தில், கைக்கெட்டும் தொலைவில் கூடு கட்டும் அண்டை ஆண் யார், புதிதாக வந்து நுழையப் பார்ப்பது யார் என்று ஒவ்வொரு முறையும் சண்டையிட்டு அறிவது வீண்செலவு. முகம் வேறுபட்டால் அண்டை வீட்டாரைப் பார்த்ததும் அறியலாம்.

ஆகவே புல்லூரான் அவர்கள் ஒரே மரத்தில் கண்ட வேறுபாடு தற்செயலானதன்று. ஒவ்வொரு ஆணும் மற்றதைப் போல இல்லாதிருப்பதே பயன் என்னும் நிலையில் உருவான ஒரு பண்பை எடுத்து, அதைக் கொண்டே நிலப்பகுதிகளைப் பிரிக்க முயன்றதுதான் இந்தத் துணையினங்களின் அடிப்படைத் தொல்லை. நெற்றிப் பட்டையின் அகலம் ஓரளவு நிலப்பகுதியைச் சார்ந்து மாறலாம். வெள்ளை முகமூடி, மஞ்சள் மார்பு ஆகியவற்றைத் துணையின அடையாளமாக ஒருபோதும் கொள்ளக் கூடாது.

சுவடிக்கட்டு எழுதியது:

கரிசல்வெளி அவர்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் இந்த இழையைப் படிப்பவர் துணையினம் என்ற கருத்தே வெறும் தோல் சேகரிப்பாளர்களின் பொழுதுபோக்கு என்று எண்ணிவிடக் கூடாது. அதே குடும்பத்தில், அதே ஆப்பிரிக்கப் புல்வெளியில், ஐயத்துக்கு இடமே இல்லாத துணையினங்களுக்கு நீள்வால் விடோபேர்டு எடுத்துக்காட்டு. தென்னாப்பிரிக்கா, லெசோத்தோ, எசுவாத்தினி மேட்டுப் புல்வெளிகளில் ‘புரோக்னே’. அங்கோலா, தெற்குக் காங்கோ, சாம்பியாவில் ‘டெலகூரி’. கென்யாவின் உயர்நிலப் புல்வெளிகளில் ‘டெலமெரெய்’. இம்மூன்றுக்கும் இடையே பறவையே இல்லாத பரந்த நிலம் கிடக்கிறது. வலசைப் பழக்கமும் இல்லாததால் கென்ய ஆண் தென்னாப்பிரிக்கப் பெண்ணை வாழ்நாளில் சந்திக்க வழியில்லை.

அங்கே ஆணின் வால் சொல்லும் செய்தியும் குவேலியா முகமூடியின் செய்திக்கு நேர்மாறானது. மால்டே ஆண்டர்சன் கென்யாவின் கினாங்கோப் மேட்டுநிலத்தில் செய்து 1982-இல் வெளியிட்ட சோதனையைப் பறவையியல் படிக்கும் எவரும் அறிவர். ஏறத்தாழ அரை மீட்டர் நீளமுள்ள ஆண் வால்களைச் சிலவற்றில் வெட்டிக் குறுக்கினார், வெட்டிய துண்டுகளை வேறு சிலவற்றில் ஒட்டி நீட்டினார், சிலவற்றை வெட்டி அதே நீளத்துக்குத் திரும்ப ஒட்டினார், சிலவற்றைத் தொடாமல் விட்டார். நீட்டிய வாலுடைய ஆண்களின் எல்லைக்குள்ளேயே பெண்கள் அதிகக் கூடுகளை அமைத்தன. நீண்ட வாலைப் பெண்கள் தேர்ந்தெடுக்கும் இடத்தில் எல்லா ஆண்களின் வாலும் நீளத்தை நோக்கியே இழுக்கப்படும். அதனால் ஒரு நிலப்பகுதியின் ஆண்கள் தமக்குள் ஒத்தும், தொலைவிலுள்ள மற்றத் தொகுதியிலிருந்து வேறுபட்டும் நிற்பது இயல்பு. துணையினம் என்ற சொல் அங்கே தன் வேலையைச் செய்கிறது.

வேலமுள் எழுதியது:

நல்ல ஒப்பீடு. ஆனால் அது என் பக்கத்துக்கே வலு சேர்க்கிறது. விடோபேர்டின் துணையினத்தை நிலப்படத்தில் மூன்று தீவுகளாக வரையலாம். குவேலியாவுக்கு ஜனவரிக்கு ஒரு படம், ஜூலைக்கு ஒரு படம் என்று வரைய வேண்டும். இந்த இரு பறவைகளின் தொகுதிகளுக்கும் துணையினம் என்ற ஒரே தரநிலைப் பெயரைத் தருவதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

டொடோமாவாசி எழுதியது:

நான் தான்சானியாவின் டொடோமாவில் கணக்காளராக வேலை பார்க்கிறேன். பறவையியல் படித்தவன் அல்லன். ஆனால் நீங்கள் எத்தியோப்பிகா என்று எழுதும் பறவை எங்கள் ஊர்ப்புறத்துச் சோளத்துக்கும் கம்புக்கும் வரும் பறவை என்பதால் சில செய்திகளைச் சேர்க்கிறேன். இங்கே வயற்காரர்கள் ‘குவெலெயா குவெலெயா’ என்று இரட்டித்தே சொல்வார்கள்.

கூட்டம் வயலில் இறங்கும் விதத்தைப் பார்த்தவர் மறக்கமாட்டார். பின்வரிசைப் பறவைகள் எழுந்து முன்வரிசைக்கு மேலாகப் பறந்து முன்னே இறங்கும். அடுத்த கணம் அவற்றின் பின்னே இருந்தவை எழும். இப்படியே வயல் முழுவதும் உருண்டு செல்வது போலத் தோன்றும். கதிர் பால் பிடிக்கும் நாளிலிருந்து அறுவடை வரை, விடியல் தொடங்கி இருட்டும் வரை குடும்பமே வயலில் நிற்கிறது. நம்மவர்கள் தினைப்புனத்தில் ஆலோலம் சொல்லிக் கிளி ஓட்டியதைப் போல, இங்கே பிள்ளைகள் தகரத்தைத் தட்டியும் கவண் எறிந்தும் கூவுகிறார்கள். அந்த வாரங்களில் பள்ளி வகுப்புகளில் இடங்கள் காலியாக இருக்கும். மக்காச்சோளம் போட்டவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, அந்த மணி குவேலியாவின் வாய்க்குப் பெரிது. ஆனால் மக்காச்சோளம் எங்கள் பக்கத்து மழையில் அடிக்கடி பொய்த்துவிடும். வறட்சி தாங்கும் பயிரைப் போடு என்று வேளாண்மைக்காரர்கள் சொல்வதும், அந்தப் பயிரையே குவேலியா தின்பதும் இங்குள்ள இக்கட்டு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வடக்கே கொண்டோவா மாவட்டத்தில் இப்பறவையைக் கூடைப் பொறிகளிலும் வலைகளிலும் பிடித்து, பொரித்து விற்கிறார்கள். விலை மலிவு, புரதம் மிகுதி. சாட் ஏரிப் பக்கத்திலும் கை வலைகளால் பெருமளவில் பிடிப்பதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். பயிரைத் தின்னும் பறவையை மனிதர் தின்பது எனக்கு நேர்மையான ஏற்பாடாகவே படுகிறது. தொல்லை எப்போது வருகிறதென்றால், மருந்தடித்த இடத்தின் பறவையும் அதே சந்தைக்கு வந்துவிடும்போது.

என் கேள்வி இதுதான். துணையினம் ஒன்றா மூன்றா என்பதால் எங்கள் ஊர் வயற்காரருக்கு ஏதேனும் வேறுபாடு உண்டா?

மழைக்குறி எழுதியது:

உண்டு. அதைச் சொல்லாமல் இந்த விவாதம் நிறைவு பெறாது.

குவேலியாவைக் கட்டுப்படுத்த 1950-களிலிருந்து பெரும் முயற்சி நடந்து வருகிறது. தீப்பிழம்பு எறிகருவிகள், வெடிகள், பின்னர் இரவில் அடையும் இடங்களின்மேல் அந்தி வேளையில் விமானத்திலிருந்து பென்தியான் என்னும் நச்சு மருந்துத் தெளிப்பு என்று எல்லாம் நடந்தது. ஒவ்வொரு தெளிப்பிலும் இலட்சக்கணக்கில் பறவைகள் மடிகின்றன. ஆனால் இனத்தின் மொத்த எண்ணிக்கை இதனால் குறைந்ததாகத் தெரியவில்லை. காரணம் எளிது. உணவு மிகுந்த ஆண்டில் ஒரு சோடி அடுத்தடுத்து ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் குஞ்சு பொரிக்கிறது. எனவே கட்டுப்பாட்டால் கிடைப்பது, குறிப்பிட்ட வயலை அறுவடை வரை காப்பது மட்டுமே. அப்படியானால் அந்த வயலுக்கு வரும் கூட்டம் எங்கே பிறந்தது, அடுத்து எங்கே போகும் என்று அறிவதே முதற்பணி ஆகிறது.

இங்கேதான் தொகுதிப் பிரிவினை பயன்படுகிறது. எத்தியோப்பியப் பிளவுப் பள்ளத்தாக்கில் விமானத்திலிருந்து ஒளிரும் நிறத்துகள்களைத் தெளித்துப் பறவைகளை ஒட்டுமொத்தமாக அடையாளமிட்டு, அவை பல நூறு கிலோமீட்டர் அப்பால் மீண்டும் கூடு கட்டியதை 1980-களில் கண்டறிந்தார்கள். இவ்வாறு ஒரே தொகுதி ஒரே ஆண்டில் நாட்டு எல்லைகளைக் கடந்து குஞ்சு பொரிக்குமானால், ஒரு நாடு தனியாகச் செய்யும் எதுவும் பாதி வேலையே. கிழக்கு ஆப்பிரிக்காவில் பாலைவன வெட்டுக்கிளிக்காக 1962-இல் பல நாடுகள் சேர்ந்து அமைத்த அமைப்பே குவேலியாவையும் கவனிக்கிறது. ஆனால் தெற்குத் தொகுதிக்கான நாட்காட்டியைக் கிழக்கிலும், கிழக்குக்கானதை மேற்கிலும் வைத்து முன்கணித்தால் கணிப்பு மாதக்கணக்கில் பிழைக்கும்.

கரிசல்வெளி எழுதியது:

பென்தியானைப் பற்றி ஒரு சேர்க்கை. 2023 தொடக்கத்தில் கென்யாவின் கிசுமுப் பகுதி நெல்வயல்களில் இலட்சக்கணக்கில் குவேலியா இறங்கியபோது அங்கே மருந்துத் தெளிப்பு நடந்தது. மருந்து குவேலியாவோடு நிற்பதில்லை, செத்தும் சாகாமலும் கிடக்கும் பறவைகளைத் தின்ன வரும் கழுகுகளும் மாராபு நாரைகளும் அதற்கு இரையாகின்றன என்ற கவலையை அப்போது பலரும் எழுப்பினார்கள். குவேலியாவையே எதிர்கொள்ளும் சாட் நாடுதான் அடர் பென்தியான் கலவைகளை, தீங்கான வேதிப்பொருள்களின் வணிகம் குறித்த ரோட்டர்டாம் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்க்க முன்மொழிந்தது என்பது கவனிக்க வேண்டியது. பல கூட்டங்களில் ஒருமித்த முடிவு எட்டாமல் தள்ளிப்போய், 2025-இல்தான் அது சேர்ந்தது. பட்டியலில் சேர்வது தடையாகாது. இறக்குமதி செய்யும் நாட்டுக்கு முன்கூட்டியே தகவல் தந்து இசைவு பெற வேண்டும் என்பதே அதன் விளைவு.

சுவடிக்கட்டு எழுதியது:

மழைக்குறி அவர்கள் இறுதியில் என் பக்கமே வந்து சேர்ந்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளலாமா? நடைமுறைக்கு மூன்று தொகுதிகள் வேண்டும் என்கிறார். மூன்று தொகுதிகளுக்கு ஏற்கெனவே மூன்று பெயர்கள் இருக்கின்றன.

வேலமுள் எழுதியது:

பெயர் இருக்கட்டும். எல்லைக் கோட்டை மட்டும் எங்கே போடுவது என்று சொல்லுங்கள். சாட் நாட்டின் கிழக்கும் சூடானின் மேற்கும் ஒரே சாகேல் புல்வெளி. மழையும் ஒரே பருவத்தில் தெற்கிலிருந்து ஏறுகிறது. மழைக்குறி அவர்களின் நாட்காட்டிப்படி அங்கே குவேலியாவுக்கும் எத்தியோப்பிகாவுக்கும் தடையே இருக்கக் கூடாது.

மழைக்குறி எழுதியது:

ஆம், அந்த எல்லையில் என் கருத்துப்படி தடை இல்லை. அங்கே ஒரு பெயர் மெல்ல மற்றதாக மாறும் நெடிய நிலப்பரப்பைத்தான் எதிர்பார்க்கிறேன். தடை இருக்க வேண்டிய இடம் தெற்குத் தான்சானியா, மலாவி, வடகிழக்குச் சாம்பியா. அங்கே லாதாமியும் எத்தியோப்பிகாவும் நிலத்தால் நெருங்குகின்றன. நடுவில் குவேலியாவுக்கு ஒவ்வாத அடர்ந்த மியோம்போ மரக்காடுகள் கிடக்கின்றன. யாரேனும் இந்தப் பறவையில் துணையினத்தை நிறுவ விரும்பினால், தோல் அலமாரியைத் திறப்பதற்கு முன் அந்தக் காட்டின் இரு ஓரத்திலும் ஒரே ஆண்டின் குடியிருப்புகளிலிருந்து இரத்த மாதிரி எடுக்கட்டும். சாட், சூடான் எல்லையிலும் அதையே செய்யட்டும். முதல் இடத்தில் பிரிவும் இரண்டாம் இடத்தில் கலப்பும் தெரிந்தால், பட்டியலில் இரண்டு பெயர்கள் போதும்.